கமிட் செய்வதற்கு (மாற்றங்களைப் பதிவு செய்வதற்கு) முன்பே நிரலைத் தானாகச் சோதிக்க வைக்க முடியுமா?

முடியும், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளிலேயே அந்த வசதி இருக்கிறது. ப்ராஜெக்ட்டில் மறைந்து கிடக்கும் கிட் ஃபோல்டருக்குள் ஹூக்ஸ் என்று ஒன்று இருக்கும்; அதில் ப்ரீ-கமிட் என்ற பெயரில் ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் போட்டு, இயங்க அனுமதி கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் கிட் அதை ஓட்டிப் பார்க்கும். ஸ்கிரிப்ட் 0 அல்லாத எண்ணோடு முடிந்தால் கமிட் நின்றுவிடும். அவ்வளவுதான்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி வருவதற்கு முன்பே மண்டோர் (கங்காணி) பழுக்காத குலையை ஓரமாகத் தள்ளிவிடுவார், ஆலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தால் யாருக்குத் தலைவலி? இதுவும் அந்த வேலைதான்.

ஆனால் ஹூக் (அந்த ஸ்கிரிப்ட்) வேகமாக இருக்க வேண்டும். நான் முதலில் எல்லா டெஸ்டையும் அதிலேயே போட்டேன், கமிட்டுக்கு இரண்டு நிமிடம் ஆனது, ஒரே வாரத்தில் குழுவில் எல்லாரும் ஹூக்கைத் தவிர்க்கும் நோ-வெரிஃபை ஆப்ஷனைப் போட்டுத் தாண்டிப் போக ஆரம்பித்துவிட்டார்கள் (நானும்தான்). இப்போது ஸ்டேஜ் செய்த (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்த) ஃபைல்களை மட்டும் லிண்டர் (நிரலை ஓட்டாமலே பிழை தேடும் கருவி) பார்க்கிறது, பைத்தானுக்கு ரஃப் என்ற லிண்டர், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். டெஸ்டெல்லாம் சர்வரில் ஓடட்டும், அங்கே யாரும் தாண்ட முடியாதபடி பூட்டி வைக்கலாம்.

அப்புறம், ப்ராஜெக்ட்டை இன்னொருவர் க்ளோன் செய்தால் (நகலெடுத்தால்) ஹூக்ஸ் ஃபோல்டர் அதோடு வராது. 2016இல் வந்த கிட் 2.9 முதல் கோர்.ஹூக்ஸ்பாத் செட்டிங்கில் ப்ராஜெக்ட் ஃபைல்களோடு சேர்ந்தே இருக்கும் ஒரு ஃபோல்டரைக் காட்டலாம், அதையும் ஆளாளுக்கு ஒருமுறை செய்தாக வேண்டும்.