பத்துக்குப் பன்னெண்டு

அன்புள்ள சார்,
வயசு 34, ஐடி வேலை, வேளச்சேரியில வாடகை வீடு. இதுவரைக்கும் கார் வாங்கல. பைக், பஸ், பறக்கும் ரயில்னு ஓடிட்டிருக்கு. கூட வேலை பாக்குற எல்லாரும் வாங்கிட்டாங்க, மாமனார் வீட்ல வாய்விட்டே கேக்கறாங்க, அம்மாவுக்கு வேற முட்டி வலி. நீங்க கார் இல்லாமயே இருக்கறதா எழுதியிருந்தீங்க. அதுல என்ன லாபம்னு சொன்னா வீட்ல எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும். சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?
க., வேளச்சேரி

அன்புள்ள க.,

சுற்றுச்சூழல விடுங்க, அத கேட்டு எந்த மாமனாரும் மனசு மாறினதில்ல. இஎம்ஐ, இன்சூரன்ஸ், பெட்ரோல் கணக்கும் வேண்டாம், ஐடியில இருக்கற ஆளுக்கு நான் கூட்டல் சொல்லித் தரணுமா.

உங்க லெட்டர் வந்த அன்னிக்குக் காலையிலதான் எங்க அபார்ட்மென்ட்ல ஒரு சண்டை. ஒருத்தர் வண்டி இன்னொருத்தர் கோட்டத் தாண்டி ஒரு சாண் நின்னுச்சாம். ரெண்டு பேருமே ரிட்டயர் ஆனவங்க, தினம் சேந்து வாக்கிங் போறவங்க. செக்ரட்டரி டேப் எடுத்துட்டு வந்துட்டாரு, பால் வாங்க எறங்குன என்னைய மறுமுனைய பிடிக்கச் சொல்லிட்டாங்க. அகலம் ரெண்டரை மீட்டர், நீளம் அஞ்சு மீட்டர், ஒரு காருக்கு அதான் எடமாம். மனசுக்குள்ள அடிக்கணக்குல போட்டுப் பாத்தேன், 134 சதுர அடிக்கு மேல வருது. டேப்ப பிடிச்சபடியே அப்படியே நின்னுட்டேன்.

ஏன்னா திருவல்லிக்கேணியில நாங்க குடியிருந்த போர்ஷன் பத்துக்குப் பன்னெண்டு. 120 சதுர அடி. அப்பா, அம்மா, பாட்டி, நான், தங்கச்சி, ஒரு மூலையில ஸ்டவ், இன்னொரு மூலையில அரிசி டின். ராத்திரி பாய விரிச்சுட்டா கதவத் தொறக்க முடியாது. அப்பா ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வந்து மெதுவா தட்டுவாரு, பாட்டி தூக்கத்துலயே கால மடக்கிக்கும், கதவு பாதி தொறக்கும், அப்பா பக்கவாட்டுல நுழைவாரு. பத்து வருஷம் பாட்டி கால மடக்கிச்சு.

இப்ப சொல்லுங்க. உங்க கார் ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஓடும்? ஆபீஸ் போக வர மூணு மணி நேரம்னே வெச்சுக்கலாம், மிச்ச 21 மணி நேரம் அது படுத்திருக்கும், அதுவும் வீட்ல ஒரு எடம் இருந்தா பத்தாது, ஆபீஸ்ல ஒண்ணு, மால்ல ஒண்ணு, கல்யாண மண்டபத்துல ஒண்ணு, எல்லாம் அது வர்றதுக்கு முன்னாடியே காலியா காத்திட்டிருக்கணும். எங்க பாட்டிக்கு இந்த ஊர்ல அந்த மரியாதை கெடைக்கல. எடம் இல்லாதவங்க பிளாட்பாரத்து மேல ஏத்தி நிறுத்தறாங்க, முட்டி வலிக்காரங்க ரோட்ல எறங்கி நடக்கறாங்க. உங்க ஏரியாவையே எடுத்துக்கோங்க. 2024 அக்டோபர்ல மழைன்னு சொன்னதுமே வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா கார், பாத்திருப்பீங்களே. 2015லயும் 2023லயும் வெள்ளத்துல பட்டவங்க, அவங்கள குத்தம் சொல்லல. ஆனா பாலத்தையும் வண்டி தூங்கற எடமா ஆக்கிட்டோமே, அதச் சொல்றேன்.

கூட வேலை பாக்கறவங்க வாங்கிட்டாங்கன்னு எழுதறதுக்கு வெக்கமா இல்லையா தம்பி? முப்பத்தி நாலு வயசுல பக்கத்து பெஞ்ச்காரன் ஜாமெட்ரி பாக்ஸ பாத்து அழுதா எப்படி.

அம்மா விஷயம் வேற, அத லேசா எடுத்துக்கல. ஒரு தடவ ஃப்ரெண்டோட கார வாங்கிட்டு எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல எறக்கி விட்டுட்டு, ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு மூச்சு வாங்க ஓடி வரேன், செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல செவுத்த பிடிச்சுட்டு நிக்கறாங்க. "எங்கடா போயிட்ட?"ன்னாங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஆட்டோதான். பக்கத்துல உக்காந்து கைய பிடிச்சுட்டு வந்து, ஒண்ணா எறங்கி, ஒண்ணா படியேறுவோம்.

லாபம் கேட்டீங்கல்ல. போன வாரம் லஸ்ல 29சி பஸ் ஏறினேன், செம கூட்டம், கண்டக்டர் சீட்ட விட்டு எந்திரிக்கல, நான் "ஒரு பெசன்ட் நகர்"னு நூறு ரூபா நோட்ட முன்னாடி குடுத்தேன், அது நாலஞ்சு கை மாறிப் போச்சு, டிக்கெட்டும் சில்லறையும் அதே கைங்க வழியா திரும்பி வந்துச்சு, ஒரு ரூபா கொறையல. யாரோட மூஞ்சியும் எனக்கு ஞாபகம் இல்ல.

எங்க வீட்டுக்கும் ஒரு பார்க்கிங் எடம் உண்டு, மறந்துட்டேன் பாருங்க. வாடகைக்கு விடுங்கன்னு செக்ரட்டரி ரெண்டு வருஷமா கேக்கறாரு, மாட்டேன்னுட்டேன். மத்தியானம் வாட்ச்மேன் அதுல கட்டில போட்டுப் படுப்பாரு. நேத்து மூணாவது மாடிப் பொண்ணு அவர எழுப்பி விட்டுட்டு சாக்பீஸ்ல பாண்டி கட்டம் போட்டுட்டிருந்துச்சு.