பெட்டியில் ‘டிஜிட்டல்’ என்று போட்டிருந்தால் போதுமா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பெட்டி பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. ஆகாசவாணி டிஜிட்டலில் தெளிவாக வருகிறது என்று ஒருவர் சொல்ல, ‘டிஜிட்டல் ஷார்ட்வேவ் ரேடியோ’ என்று இணையக் கடையில் போட்டிருந்ததை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த அலைவரிசையில் வெறும் இரைச்சல்தான் வருகிறது. விற்றவர் ‘பெட்டியில் பழுதில்லை’ என்கிறார். (நாகர்கோவில்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தவறு உங்களுடையது இல்லை. இந்த ஒரு சொல்லை வைத்து நடக்கும் வியாபாரத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. முள்ளுக்குப் பதில் எண் காட்டும் திரை இருந்தால் ‘டிஜிட்டல்’ என்று போடுகிறார்கள். அலையைப் பிரித்தெடுக்கும் வேலையை உள்ளே ஒரு சில்லு கணக்குப் போட்டுச் செய்தால் அதற்கும் ‘டிஜிட்டல்’ என்றே பெயர். இன்றைய நல்ல கையடக்கப் பெட்டிகள் பல இந்த இரண்டாவது ரகம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் சிற்றலையிலும் மத்திய அலையிலும் இவை இரண்டுமே பழைய ஏ.எம். ஒலிபரப்பைத்தான் வாங்கும்.

நிலையமே டிஜிட்டலாக அனுப்புவது வேறு. அதன் பெயர் டி.ஆர்.எம்., அதாவது டிஜிட்டல் ரேடியோ மோண்டியல். 1998இல் அதற்கான கூட்டமைப்பு உருவானது, 2003இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. அதைக் குரலாக மாற்ற, பெட்டிக்குள் அதற்கென்றே வசதி வேண்டும். இல்லாத பெட்டியில் டி.ஆர்.எம். நிலையம் ஓட்டு வீட்டில் மழை பெய்வது போல ஒரே சீராக இரையும். உங்கள் அப்பா கேட்டது பெரும்பாலும் அந்த இரைச்சலாகத்தான் இருக்கும். ‘டி.ஆர்.எம்.’ என்ற மூன்று எழுத்து விளக்கத்தில் இல்லையென்றால் அது டிஜிட்டல் ஒலிபரப்பு வாங்கும் பெட்டி இல்லை.

விளம்பரத்தில் ‘டிஜிட்டல் ஒலிபரப்பு’ என்ற வாசகம் எங்காவது இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 900 ரூபாய்க்கு ‘12 பேண்ட் உலக ரேடியோ’ கிடைக்கிறது. வாங்கலாமா? (திருப்பூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் மறுபடி கேட்க ஆசைப்பட்டு 9,000 ரூபாய்க்கு வெளிநாட்டுப் பெட்டி வாங்கிவிட்டேன். எந்த அலைவரிசை? (சேலம்)

பதில்: எதிலும் இல்லை. தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றுவிட்டது. வெரித்தாஸ் 2018இல் சிற்றலையை விட்டது. 9,000 ரூபாய் எடுத்து வைக்கும் முன் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் இது தெரிந்திருக்கும். என்ன கேட்கப்போகிறோம் என்று பார்க்காமல் பெட்டி வாங்குகிறவர்களின் கடிதம் மாதா மாதம் வருகிறது. சரி, வாங்கியாகிவிட்டது. இரவு சிற்றலையின் 31, 41 மீட்டர் பகுதிகளில் துழாவுங்கள், சீன வானொலி உள்ளிட்ட பல நாட்டு நிலையங்கள் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: உண்மையான டி.ஆர்.எம். கையடக்கப் பெட்டிக்கு எதிர்காலம் உண்டா? இப்போதே வாங்கிவிடலாமா? (மதுரை)

பதில்: பத்து வருடம் முன்பு நான் ஒன்று வாங்கினேன். அந்தப் பணத்துக்கு மூன்று நல்ல சாதாரணப் பெட்டிகள் வந்திருக்கும். வீட்டுக்குள் எடுக்காது, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அலை கொஞ்சம் தளர்ந்தால் ஏ.எம்.மில் குரல் தேய்ந்தாவது கேட்கும், இதில் சட்டென்று அறுந்துவிடும். அப்புறம் ஒலியைச் சுருக்கும் முறையில் புதியது வந்தது. அதில் வரும் நிலையங்களுக்கு என் பெட்டி வாயே திறப்பதில்லை.

ஆனாலும் நுட்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். அலை சரியாகக் கிடைத்த இரவுகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எஃப்.எம். போலக் குரல் வந்தது, உடம்பு சிலிர்த்தது. அலைவரிசையில் ஒரு ஏ.எம். நிலையத்தின் இடமே போதும், மின்சாரச் செலவும் குறைவு. வராமல் போனது கேட்பவர் கைக்குப் பெட்டிதான். ஆகாசவாணி சுமார் 35 மத்திய அலை டி.ஆர்.எம். டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது, புதிய கார்கள் பலவற்றில் டி.ஆர்.எம். ரேடியோவும் பொருத்தியே வந்தது. வீட்டில் வைத்துக் கேட்க மலிவான பெட்டி மட்டும் கடைக்கு வரவில்லை. சிற்றலையில் நியூசிலாந்து, ருமேனியா போன்ற சில நாடுகளே இதை விடாமல் நடத்துகின்றன. பெட்டி இல்லாததால் நிலையம் வருவதில்லை, நிலையம் இல்லாததால் பெட்டி வருவதில்லை. புயலில் செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும் தூரத்திலிருந்து குரல் வரக்கூடிய வழி இது என்பதால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

டி.ஆர்.எம்.மைப் பிரிக்கும் வேலையை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. விலை இறங்க வழி இருந்தால் அதில்தான். ஆர்வம் தாங்கவில்லையென்றால் கணினியில் செருகும் சிறிய எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் வானொலி) கருவியில் கேட்டுப் பாருங்கள். சிற்றலை எடுக்குமா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பெட்டிக்கு இப்போது பணம் போட வேண்டாம்.

கேள்வி: புதுப் பெட்டி வீட்டில் ஓயாமல் இரைகிறது. மாற்றித் தரக் கடைக்காரர் மறுக்கிறார். (தஞ்சாவூர்)

பதில்: முதலில் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் எல்.இ.டி. பல்போ, செல்போன் சார்ஜரோ, இன்வெர்ட்டரோதான். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள், கடைக்காரரை விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில், மின்கம்பிக்கு விலகி நின்றும் இரைந்தால் பெட்டியில்தான் கோளாறு. அந்த இரைச்சலை மொபைலில் பதிவு செய்து, ரசீதோடு மறுபடி போய் நில்லுங்கள்.