புதிய மொபைல் தளத்தை நம்பி மகன் இறங்கலாமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கடைசி ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் உங்கள் மகன், சந்தைக்கு வந்து அதிக நாள் ஆகாத ஒரு மொபைல் இயங்குதளத்துக்கு ஆப் எழுதுவதிலேயே மூழ்கிக் கிடக்கிறான், இதை நம்பினால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன்.

புதிய தளங்கள் தோற்றுப்போவது உண்மைதான். எச்பி நிறுவனம் வெப்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் டச்பேட் என்ற டேப்லெட்டை 2011 ஜூலை 1 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஆகஸ்ட் 18 அன்று கைவிட்டது. ஏழே வாரம். விண்டோஸ் போன் 7 வந்தது 2010-ல். இரண்டு ஆண்டு கழித்து விண்டோஸ் போன் 8 வந்தபோது, பழைய போன்களில் அதை ஏற்றவே முடியவில்லை.

சரி, அவற்றுக்கு ஆப் எழுதியவர்கள் கற்றது வீணானதா? விண்டோஸ் போனுக்கு எழுதியவர்கள் பெரும்பாலும் சி ஷார்ப் என்ற நிரல்மொழியைக் கற்றார்கள். வெப்ஓஎஸ், பயர்பாக்ஸ் ஓஎஸ் ஆகிய தளங்களின் பக்கம் போனவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைக் கற்றார்கள். தளங்கள் போய்விட்டன, அந்த மொழிகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. ஆகவே உங்கள் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த மொழியில் எழுதுகிறாய்?" என்பதுதான். ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ் என்றால் ஆர்க்டிஎஸ் என்பான். அது டைப்ஸ்கிரிப்டை ஒட்டி உருவான மொழி, வெளியிலும் கைகொடுக்கும். அந்த ஒரு தளத்தை விட்டால் வேறெங்கும் செல்லாத மொழி என்றால் மட்டும் யோசிக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவன் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பது சோம்பலாலோ விளையாட்டாலோ அல்ல. பழைய தளத்தில் ஒரு பிழை வந்தால் இணையத்தில் தேடினால் போதும், நூறு பேர் அதே பிழையில் விழுந்து எழுந்திருப்பார்கள். புதிய தளத்தில் அந்த நூறு பேர் கிடையாது. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டாலும், அது படித்த குறிப்புகளே குறைவு என்பதால், இல்லாத கட்டளையை இருப்பதுபோல் சொல்லிவிடும். நிறுவனம் தரும் கையேடு ஒன்று சொல்லும், கருவி வேறு மாதிரி நடக்கும். கணினியிலேயே போனைப் போல நடித்துக் காட்டும் எமுலேட்டரில் எல்லாம் சரியாக இருக்கும். உண்மையான போனில் போட்டால் சூடாகும், பேட்டரி இறங்கும், கேமராவைத் திறந்ததும் ஆப் நின்றுவிடும். வரைபடம், பணம் செலுத்துதல் போன்றவற்றுக்கு மற்ற தளங்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் லைப்ரரிகள், அதாவது எழுதி வைத்த நிரல் தொகுப்புகள், இங்கே இருக்காது. தானே எழுத வேண்டும்.

அதைவிட வலிக்கும் விஷயம், காலடியில் தரை நகர்வது. ஆண்ட்ராய்டுக்கே அப்படித்தான் நடந்தது. அதற்கு ஆப் எழுத உதவும் முன்னோட்டக் கருவித்தொகுப்பு 2007 நவம்பரில் வந்தது. 2008 செப்டம்பரில் 1.0 வருவதற்குள் ஏபிஐ, அதாவது தளத்தின் வசதிகளை ஆப் கேட்டுப் பெறும் கட்டளைகள், பலமுறை மாறியது. புளூடூத் ஏபிஐ 1.0-ல் இல்லை என்றே எடுத்துவிட்டார்கள். அதை நம்பித் திட்டம் போட்டவர்கள் 2009-ல் 2.0 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐபோன் பக்கம் இன்னொரு கஷ்டம். 2008-ல் கருவித்தொகுப்பு வந்த பிறகும், ஆப்பிளுடன் செய்த ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தால் மாதக்கணக்கில் டெவலப்பர்கள் தங்கள் சந்தேகங்களைப் பொதுவெளியில் பேசவே முடியவில்லை. இன்று உலகத்தின் பெரும்பாலான போன்களில் ஓடுபவை அந்த இரண்டு தளங்களும்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதம் தாக்குப்பிடித்து ஒரு ஆப்பை முடித்த பையனை நான் மதிப்பேன். கையேடு இல்லாத இடத்தில் பிழையைத் தேடிப் பிடிப்பவனுக்கு எந்தக் குழுவிலும் இடம் உண்டு.

என் கவலை ஒன்றில்தான். முடித்தானா? பாதியில் விட்ட நான்கு ஆப் நேர்முகத் தேர்வில் ஒன்றுக்கும் உதவாது. ஸ்டோரில் ஏற்றிய சின்ன ஆப் ஒன்று, அதை முன்பின் தெரியாத பத்துப் பேர் பயன்படுத்தியிருந்தால் போதும். அப்புறம், பெரும்பாலான நிறுவனங்கள் முதல் சுற்றில் டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க் போன்ற அடிப்படைப் பாடங்களைப் பற்றித்தான் கேட்கும். தளத்தின் பெயரைக் கேட்காது. தினமும் ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதே ஆப்பை ஆண்ட்ராய்டிலும் ஒருமுறை எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது. எது தளத்தின் குணம், எது தன் நிரலின் குறை என்று அப்போதுதான் பிரித்தறிவான்.

அவனைத் தடுக்க வேண்டாம். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு ஆப் வெளிவர வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அது தயாரானதும் எமுலேட்டரில் அல்ல, போனில் உங்களுக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கே சிக்கியது, எப்படிச் சரி செய்தான் என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் சொல்லிவிட்டால் நேர்முகத் தேர்விலும் சொல்லிவிடுவான். அடுத்த கடிதத்தில் அவன் எழுதும் மொழி எது என்பதையும் குறிப்பிடுங்கள், அதை வைத்து எந்த வகை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று எழுதுகிறேன்.