கருமணலும் உப்பும் சொல்லும் கணக்கு

கேள்வி: மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் பாதத்தைச் சுடுகிறது, புத்தளம் உப்பளத்தில் உப்புக் குவியலோ கண்ணைக் கூசச் செய்கிறது. இத்தகைய வேறுபாடு பூமியின் காலநிலையையும் பாதிக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நிச்சயமாகப் பாதிக்கும். கருமணல் வெயிலைப் பெரிதும் உட்கொண்டு சூடாகிறது. உப்பின் வெண்மை அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பூமியை வந்தடையும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காடு, பெரும்பாலும் மேகங்களால், விண்வெளிக்கே திரும்புகிறது. புதிதாகப் பெய்த பனி 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்ப, திறந்த கடல்நீர் சுமார் 6 விழுக்காடு மட்டுமே திருப்புவதால், ஆர்க்டிக் கடற்பனி உருகும்போது வெளிப்படும் இருண்ட நீர் வெப்பத்தை வாங்கி, எஞ்சியிருக்கும் பனியையும் உருக்குகிறது. எனக்குப் பெருங்கவலை தருவது இந்தச் சுழற்சிதான். மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு பூசினால் உங்கள் வீட்டின் வெக்கை தணியும். ஆர்க்டிக் பனியைக் காக்க அது போதாது, கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றமே குறைய வேண்டும்.