பறக்கும் நிலையிலேயே ஓய்வு பெற்ற எஃப்-111: வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலிய விமானப்படையின் எஃப்-111 தாக்குதல் விமானங்கள் 1973 ஜூன் முதல் 2010 டிசம்பர் 3 வரை குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ஆம்பர்லி தளத்திலிருந்து பறந்தன. இரவில் தரையை ஒட்டி மூக்கைத் தாழ்த்திப் பாயும் அந்த விமானத்தை அங்குள்ளவர்கள் ‘பன்றி’ என்றே பாசத்தோடு அழைத்தார்கள். அதன் ஓய்வைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்? அதன் இடத்துக்கு வந்தவை அவ்வளவு தூரம் போகாது என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

நீங்கள் கேள்விப்பட்டது சரி. எஃப்-111 ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம் கொண்டது. உடலுக்குள்ளும் இறக்கைக்குள்ளுமாகச் சுமார் 19,000 லிட்டர் எரிபொருள் சுமந்தது. அதன் இடத்துக்கு வந்த 24 சூப்பர் ஹார்னெட் விமானங்கள் வேகத்திலும் தூரத்திலும் அதற்கு ஈடில்லை. ஆனாலும் நிறுத்த வேண்டியிருந்ததற்கு முதல் காரணம், உலகத்தில் அதை வைத்திருந்த ஒரே நாடாக ஆஸ்திரேலியா ஆகிவிட்டதுதான்.

அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் ஆலையில் எல்லா ரகமும் சேர்த்து 550-க்கு மேற்பட்ட எஃப்-111கள் கட்டப்பட்டன. ஆஸ்திரேலியா வாங்கியவை மொத்தம் 43. அமெரிக்க விமானப்படை தன் குண்டுவீச்சு ரகத்தை 1996-லும், மின்னணுப் போர் ரகத்தை 1998-லும் ஓய்வுக்கு அனுப்பியது. நூற்றுக்கணக்கில் பறக்கும்போது, அதிக மணி நேரம் பறந்த விமானத்தில்தான் விரிசல் முதலில் தலைகாட்டும். உடனே மற்றவர்களும் தங்கள் விமானங்களில் அதே இடத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். 1998-க்குப் பிறகு அந்த வசதி போய்விட்டது. முன்கூட்டியே ஆராயும் வேலை முழுக்க ஆஸ்திரேலியப் பொறியாளர்களின் தலையில் விழுந்தது. 2002-ல் மெல்போர்ன் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் சுமை ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்த ஓர் இறக்கை எதிர்பார்த்ததற்கு முன்பே உடைந்தது. மாற்று இறக்கைகளுக்கு அரிசோனா பாலைவனத்தில் அமெரிக்கா நிறுத்தி வைத்திருந்த பழைய விமானங்களைத் தேடிப் போக வேண்டி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஃப்-111 ரேடாரில் பெரிதாகத் தெரியும் விமானம். புதிய ஏவுகணைகளுக்கு முன்னால் அதன் தற்காப்புக் கருவிகள் பழையவை. துணைக்குப் பாதுகாப்பு விமானங்கள் இல்லாமல் அதை அனுப்புவது கடினமாகிக்கொண்டே வந்தது. அடுத்து வாங்கவிருந்த எஃப்-35 போர் விமானம் வரத் தாமதமாகும் என்ற நிலையில், இடைவெளியை நிரப்ப 2007 மார்ச்சில் சூப்பர் ஹார்னெட் வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. அன்று அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இன்னும் சில ஆண்டுகள் இழுத்திருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் செலவு ஏற ஏற, பறக்கும் மணி நேரம் குறைந்துகொண்டே போயிருக்கும். முடிவு சரியானது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: அசையும் இறக்கையின் மொத்தச் சுமையையும் ஓர் அச்சாணி எப்படித் தாங்கும்? அங்கேதான் விரிசல் வந்தது என்று படித்தேன். விமானத்தைக் குளிரவைத்துச் சோதித்தது எதற்காக? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

விமான உடலின் குறுக்கே ஓர் உருக்குப் பெட்டி இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் தடித்த அச்சாணிகள் உண்டு. இறக்கைகள் அவற்றில்தான் திரும்புகின்றன. மேலே ஏறவும் இறங்கவும் 16 டிகிரி, அதிவேகத்துக்கு 72.5 டிகிரி வரை பின்னோக்கி மடியும். ஹைட்ராலிக் மோட்டார்கள் சுழற்றும் திருகுதண்டுகள் இறக்கைகளைத் தள்ளும். இரு பக்கத்துத் தண்டுகளும் ஒரு குறுக்குத் தண்டால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு இறக்கை மட்டும் தனியாக மடிந்துவிட வழியில்லை. குண்டு தொங்கவிடும் தாங்கிகளில் உள்பக்கம் இருப்பவை, இறக்கை எவ்வளவு மடிந்தாலும் நேராக முன்னோக்கியே நிற்கும்படி சுழலும். வெளிப்பக்கத் தாங்கிகள் சுழலாது. அவற்றை மாட்டினால் 26 டிகிரிக்கு மேல் இறக்கையை மடிக்க முடியாது. அதனால் அவற்றை அதிகம் பயன்படுத்தவில்லை.

இனி உருக்குக்கு வருவோம். அந்தப் பெட்டியும் அச்சாணிப் பொருத்துகளும் டி6ஏசி என்ற மிகு வலிமை உருக்கால் ஆனவை. எடையைக் குறைக்க அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது வலிமையில் எவ்வளவு உயர்வோ, விரிசலைத் தாங்குவதில் அவ்வளவு பலவீனம். மென்மையான உலோகத்தில் சில சென்டிமீட்டர் விரிசல் வந்தாலும் காலம் கிடைக்கும். டி6ஏசியில் சில மில்லிமீட்டரே போதும், சுமை ஏறும்போது சட்டென்று பிளந்துவிடும். 1969 டிசம்பர் 22 அன்று நெவாடாவில் அமெரிக்க எஃப்-111 ஒன்று, தரைத் தாக்குதல் பயிற்சியில் மேலே இழுத்தபோது இடது இறக்கை முறிந்து விழுந்தது. அது அதுவரை பறந்தது சுமார் 100 மணி நேரம் மட்டுமே. அச்சாணிப் பொருத்தை அடித்து உருவாக்கியபோதே அதில் ஒரு குறை ஏற்பட்டிருந்தது. ஆலையின் பரிசோதனைகள் எதிலும் அது சிக்கவில்லை.

கருவிக்குத் தெரியாத குறையை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வந்த விடைதான் நீங்கள் கேட்கும் குளிர்ச் சோதனை. விமானத்தை ஒரு மூடிய கூடத்தில் நிறுத்தி, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைப்பார்கள். பிறகு ஹைட்ராலிக் தண்டுகளால் இறக்கைகளைக் கீழும் மேலும் வளைப்பார்கள். மேல்நோக்கிய சுமை புவியீர்ப்பைப் போல 7.33 மடங்கு வரை போகும். குளிர்ந்த உருக்கு இன்னும் எளிதில் பிளக்கும். வெயில் நாளில் தாக்குப்பிடிக்கும் சிறு விரிசல்கூடக் குளிரில் பிளந்து தன்னைக் காட்டிவிடும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே நியாயம்தான். இங்கே தட்டுவது உடைந்துபோகும் அளவுக்கு.

சோதனையில் உடையாத விமானத்தில் விரிசலே இல்லை என்று பொருளில்லை. ‘இருந்தாலும் இன்ன அளவைவிடச் சிறியது’ என்பதுதான் உறுதியாகிறது. அந்த அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு விரிசல் வளர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, அதற்குள் அடுத்த சோதனையை வைப்பார்கள். ஆம்பர்லியிலேயே இதற்கென ஒரு கூடம் இருந்தது. ‘குறை ஏற்கனவே உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வடிவமை’ என்று இன்று விமானப் பொறியியலில் கற்பிக்கிறார்களே, அந்த அணுகுமுறை வலுப்பெற்றது 1969 நெவாடா விபத்துக்குப் பிறகுதான்.

கேள்வி: பிரிஸ்பேன் விழாவில் வாலிலிருந்து நெருப்பு கக்கிக்கொண்டு போகும் காட்சியைப் பார்த்தேன். அது எப்படி? வேறு விமானங்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை? (வாசகி, மதுரை)

அவசரமாக இறங்க நேர்ந்தால் எடையைக் குறைக்க எரிபொருளை வெளியே கொட்டும் குழாய் பல போர் விமானங்களில் உண்டு. எஃப்-111-ல் அந்தக் குழாயின் வாய், இரண்டு எஞ்சின்களின் புகைவாய்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. விமானி முதலில் ஆஃப்டர்பர்னரை (புகைவாயில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பை) ஏற்றுவார். பிறகு கொட்டும் சுவிட்சைப் போடுவார். கொட்டும் எரிபொருளை இரு பக்கத்துத் தீயும் பற்றவைக்க, விமானத்தைவிட நீளமாகத் தழல் நீளும். ஆஃப்டர்பர்னர் இல்லாமல் கொட்டினால் வெண்மையான ஆவிப்படலம் மட்டும்தான் தெரியும். சூப்பர் ஹார்னெட்டில் கொட்டும் வாய் செங்குத்து வால்களின் மேல்பகுதியில், தீயிலிருந்து விலகி இருக்கிறது. அதனால் அதில் இந்த வித்தை நடக்காது.

2000 சிட்னி ஒலிம்பிக்ஸின் நிறைவு விழாவில் ஓர் எஃப்-111 இப்படித்தான் அரங்கின் மேல் பறந்தது. பிரிஸ்பேனின் ரிவர்ஃபயர் விழாவில் கடைசி முறை நடந்தது 2010 செப்டம்பரில். விமானத்தின் பெயரே தெரியாதவர்கள்கூட அதை நேசித்ததற்கு இந்தத் தழல்தான் காரணம்.

கேள்வி: எரிபொருள் தொட்டியில் வேலை செய்தவர்கள் நோயுற்றார்கள் என்பது உண்மையா? (விமானப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பெங்களூரு)

உண்மை. எஃப்-111-ல் எரிபொருளுக்குத் தனியாக ரப்பர் பை கிடையாது. விமான உடலின் உலோகச் சுவர்களே தொட்டி. இணைப்புகளில் கசியாமலிருக்க உள்ளிருந்து அடைப்புப் பசை பூசியிருந்தார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பசை இளகி, பழையபடி குழைந்துபோனது. தொட்டிகள் கசிந்தன. பழைய பசையைக் கரைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். 1977 முதல் 2000 வரை ஆம்பர்லியில் இதற்காக நான்கு திட்டங்கள் நடந்தன.

கரைக்கப் பயன்படுத்திய எஸ்ஆர்-51 என்ற கலவையில் தயோஃபீனால் இருந்தது. தோலில் ஒட்டினால் எளிதில் போகாத கடும் நாற்றம் அதற்கு. ஆள் நுழையவே சிரமமான இடுக்குகளில், குயின்ஸ்லாந்துக் கோடையின் புழுக்கத்தில், மணிக்கணக்காகக் கிடந்து வேலை செய்தார்கள். கையுறைகளும் முகமூடிகளும் அந்த வேதிப்பொருட்களுக்கு ஏற்றவையாக இல்லை. நினைவு மங்கல், மனச்சோர்வு, தோல் நோய் எனப் புகார்கள் வந்தன. 2000 ஜனவரியில் வேலை நிறுத்தப்பட்டது. 2001-ல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, 400-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடல்நலம் நீண்டகாலத்துக்குப் பாதிக்கப்பட்டது என்றது. பிழை ஒரு தனி ஆளுடையது அல்ல, அமைப்பு முழுவதன் தவறு என்றும் சொன்னது. 2005-ல் கருணைத்தொகை தொடங்கியது. ஆனால் யார் தகுதியானவர் என்பதில் பலர் விடுபட்டார்கள். 2009-ல் நாடாளுமன்றக் குழு அதை மறுபடி விசாரித்தது.

உங்கள் துறையில் இன்றும் மூடிய தொட்டிக்குள் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: உள்ளே இறங்குமுன் காற்றை அளக்க வேண்டும். வெளியே ஒருவர் கண்காணிப்புக்கு நிற்க வேண்டும். எந்தக் கரைப்பானுக்கு எந்தக் கையுறை என்பதை அதன் பாதுகாப்புத் தாளில் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைத்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கக் கூடாது. எஃப்-111-ஐப் போற்றி எழுதுபவர்கள் இந்த ஊழியர்களையும் சேர்த்து எழுதியாக வேண்டும்.

கேள்வி: அதில் இருவரும் தனித்தனியாகக் குதிக்க முடியாதாமே? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

முடியாது. விமானியும், வழிகாட்டும் நேவிகேட்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கைப்பிடியை இழுத்ததும் வெடிநாடா, இருவரும் இருக்கும் காக்பிட்டை மட்டும் ஒரு கூண்டுபோல உடலிலிருந்து அறுத்துவிடும். ஒரு ராக்கெட் அதைத் தூக்கிச் செல்லும். பிறகு பெரிய பாராசூட் விரியும். தரையில் மோதுமுன் அடியில் காற்றுப்பைகள் உப்பும். கடலில் விழுந்தால் கூண்டு மிதக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால், விமானம் ஓட்டிய அதே கைத்தண்டை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே இறைக்கலாம்! குறை என்னவென்றால், கூண்டு கனமானது; தரையில் மோதும் அதிர்ச்சி முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும். வெடிபொருட்களுக்குக் காலாவதி உண்டென்பதால், அவற்றைக் கணக்கு வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

2006 ஜூலையில் ஆம்பர்லியில் ஓர் எஃப்-111 மேலெழும்போது அதன் பிரதான சக்கரங்களில் ஒன்று கழன்று விழுந்தது. ஒற்றைச் சக்கரத்தில் இறங்கினால் விமானம் சுழன்று புரண்டுவிடும். கூண்டோடு வெளியேறவும் வழி இருந்தது. அந்த இருவரும் வானிலேயே சுற்றி எரிபொருளைத் தீர்த்தார்கள். சக்கரங்களை உள்ளே மடக்கினார்கள். வால் கொக்கியை இறக்கி ஓடுபாதையில் கட்டிய கம்பிவடத்தைப் பிடித்து, வயிற்றாலேயே இறக்கினார்கள். இருவருக்கும் காயமில்லை.

கேள்வி: போரில் எப்போதாவது குண்டு போட்டதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

அமெரிக்க எஃப்-111கள் வியட்நாம், லிபியா, வளைகுடாப் போர்களில் குண்டு வீசின. ஆஸ்திரேலியாவினுடையவை ஒருமுறைகூட இல்லை. 1999-ல் கிழக்குத் தைமூர் நெருக்கடியில் உளவுப்படம் எடுத்தன. 2006 மார்ச் 23 அன்று, ஹெராயின் கடத்தியதற்காகப் பிடிபட்ட ‘போங் சு’ என்ற வடகொரியக் கப்பலை லேசர் வழிகாட்டிக் குண்டுகளால் கடலில் மூழ்கடித்தன. அதில் ஆள் யாரும் இல்லை. அது பயிற்சி இலக்கு.

கேள்வி: விமானங்களை மண்ணில் புதைத்துவிட்டார்களாமே? ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? மெல்போர்னில் மகன் வீட்டுக்குப் போகிறோம். (வாசகர், தஞ்சாவூர்)

2011 நவம்பரில் 23 விமான உடல்கள் இப்ஸ்விச் நகருக்கு அருகே ஸ்வான்பேங்க் குப்பைக் குழியில் புதைக்கப்பட்டன. தகடுகளை ஒட்டிய பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதைப் பிரித்து எடுப்பது ஆபத்து, செலவும் அதிகம். அமெரிக்காவுடனான ஒப்பந்தப்படி ராணுவ விமானத்தை இஷ்டம்போல் விற்கவும் முடியாது. பார்த்தவர்கள் மனம் நொந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பாதுகாப்பாக அப்புறப்படுத்த வேறு நல்ல வழி இருக்கவில்லை.

சில விமானங்கள் காட்சிக்காகத் தப்பின. ஒன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களுக்கு வசதியானது மெல்போர்னுக்கு அருகே பாயிண்ட் குக் விமானப்படை அருங்காட்சியகம். 2010 டிசம்பர் 3 அன்று கடைசியாகத் தரையிறங்கிய ஏ8-125 அங்கேதான் நிற்கிறது. அருங்காட்சியகம் படைத்தளத்துக்குள் இருப்பதால், திறந்திருக்கும் நாளையும் அடையாளச் சான்று விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். பக்கவாட்டில் நின்று காக்பிட்டைச் சுற்றி ஓடும் பிரிவுக் கோட்டைத் தேடுங்கள். கூண்டு அறுபடும் இடம் அது. வயிற்றடியில் சக்கர அறையின் முன்பக்கக் கதவைப் பாருங்கள். வானில் அதுவே வேகத்தடையாகவும் வேலை செய்தது. பின்னால் போனால், இரண்டு புகைவாய்களுக்கும் நடுவே அந்த எரிபொருள் குழாய் கண்ணில் படும்.