ரோம்ல ஒரு நாள்: ஏஜென்ட்டுக்கு பணம் கட்றதுக்கு முன்னாடி இதை படிங்க

கேள்வி: ஜூன்ல ரோம்ல ஒரே நாள், அதுவும் புதன்கிழமை. நான், மனைவி, 12 வயசு பொண்ணு, 5 வயசு பையன். கொலோசியமும் வத்திக்கானும் காட்ட ஏஜென்ட் ஆளுக்கு 120 யூரோ கேக்கறார், பசங்களுக்கும் அதே ரேட். கட்டலாமா?

கட்டாதீங்க. கொலோசியம் டிக்கெட் 18 யூரோ, வத்திக்கான் மியூசியம் ஆன்லைன்ல 25, பெரியவங்க ஒருத்தருக்கு மொத்தமே 43 தான். 'ஸ்கிப் த லைன்', அதாவது வரிசைல நிக்காம போலாம்னு ஏஜென்ட்டுங்க சொல்வாங்க, ஆனா பையை ஸ்கேன் பண்ற வரிசைல எல்லாரும் நின்னு தான் ஆகணும், அதை யாராலயும் தாண்ட வைக்க முடியாது.

பசங்க விஷயம் தான் பெரிய ஏமாத்து. கொலோசியத்துல 18 வயசுக்கு கீழ எந்த நாட்டு பிள்ளையா இருந்தாலும் ஃப்ரீ. ஃப்ரீ தானேன்னு சும்மா கூட்டிட்டு போயிடாதீங்க, உங்க டிக்கெட் போடும்போதே அவங்களுக்கும் அந்த ஜீரோ யூரோ டிக்கெட் எடுக்கணும், அதே நேரத்துக்கு, அவங்க பேர்ல. வத்திக்கான்ல கணக்கு வேற, 7 வயசுக்கு கீழ தான் ஃப்ரீ, அதனால பையனுக்கு காசில்ல, பொண்ணுக்கு குறைஞ்ச ரேட்ல டிக்கெட்.

கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்னாடி தான் திறக்கும், அன்னைக்கே போட்டுடுங்க. பாட் (bot), அதாவது தானா டிக்கெட் போடற சாஃப்ட்வேர் வச்சு மொத்தமா அள்ளின டூர் கம்பெனிங்களுக்கும், கொலோசியம் டிக்கெட்டை அப்போ வித்துட்டு இருந்த பழைய நிறுவனத்துக்கும் சேர்த்து 2025ல இத்தாலில கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டாங்க. போட்டு என்ன, இன்னமும் நல்ல ஸ்லாட் (உள்ள போற நேரம்) எல்லாம் சீக்கிரம் வித்து தீர்ந்துடுது, குடும்பத்தோட வர்றவன் தான் அல்லாடறான், பாக்கவே எரிச்சலா இருக்கு.

புதன் காலைல போப் மக்களை சந்திக்கிற நேரம், அதனால செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சை மதியத்துக்கு வச்சுக்கோங்க, முதல்ல 8 மணிக்கு மியூசியம். சர்ச்சுக்கு டிக்கெட் கிடையாது, தோளும் முட்டியும் மூடியிருக்கணும், வெயில்னு ஸ்லீவ்லெஸ் போட்டு போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒட்டாவியானோ மெட்ரோ ஸ்டேஷன்ல ஏறி தெர்மினில மாறினா கொலோசியம் வாசல்லயே இறங்கலாம், 4 மணி ஸ்லாட் சரியா இருக்கும். வெளில ரோமானிய சிப்பாய் வேஷத்துல நிக்கிறவங்க கூட போட்டோ எடுத்தா காசு கேட்டு விடமாட்டாங்க, பசங்க கையை பிடிச்சுக்கோங்க. ட்ரெவி நீரூற்றை ராத்திரி பாருங்க, விளக்கு வெளிச்சத்துல அழகே தனி.

இன்னொன்னு, கொலோசியம் டிக்கெட்ல இருக்கற பேரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகணும். நம்மாளுங்க பழக்கதோஷத்துல இனிஷியல் போட்டுடறாங்க. அப்பா பேர் சர்நேமா இருந்தா அதை முழுசா அடிங்க, சர்நேம் காலியா இருந்தா பேரையே ரெண்டு கட்டத்துலயும் போடுங்க, பசங்களுக்கும் அப்படியே.