மஞ்சளடிக்கும் சம்பாவும் மூன்று யோசனைகளும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஆறு மா நிலத்தில் சம்பா நெல் நட்டு 22 நாள் ஆகிறது. பயிர் மஞ்சளடிக்கிறது. உரக்கடைக்காரர் ஜிங்க் தெளிக்கச் சொல்கிறார். பக்கத்து வயல்காரர் யூரியா போடு என்கிறார். வாட்ஸப் வீடியோ ஒன்று புகையான் பூச்சி என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூவரில் ஒருவராவது உங்கள் வயலில் இறங்கிப் பார்த்தாரா? உரக்கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் அவர்களில் நிறைய உண்டு. ஆனால் அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் அவர் கடை அலமாரியில்தான் இருக்கும். பக்கத்து வயல்காரருக்குப் போன வருடம் யூரியா போட்டுப் பச்சை கட்டியிருக்கலாம். அதே வாரம் மழை விட்டு வெயில் அடித்ததா என்றும் கேளுங்கள்.

எந்த யோசனை வந்தாலும், 'இது சரி என்றால் வயலில் வேறு என்ன தெரிய வேண்டும்?' என்று பாருங்கள். பம்புசெட் மெக்கானிக் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'காயில் போச்சு' என்றாலும் இதே கேள்விதான். கருகல் வாடை வருகிறதா?

யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் பயிர் குருத்துக்குக் கொடுத்துவிடும். அடி இலை பச்சையாக இருந்து குருத்து மஞ்சளானால் யூரியா யோசனை அங்கேயே அடிபட்டது. கந்தகமோ இரும்போ குறைந்திருக்கலாம். ஜிங்க் குறைவு நட்ட 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டும். உங்கள் 22 நாளுக்குப் பொருந்துகிறது, சரி. ஆனால் இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? புகையான் தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே அப்பிக் கிடக்கும். பத்து தூரை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூவரும் சொல்லாதது வடிகால். நம் களிமண்ணில் ஐப்பசி மழை தேங்கினாலும் மஞ்சள்தான். ஒரு தூரைப் பிடுங்குங்கள். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் முதலில் தண்ணீரை வடியுங்கள். இதில் நானே சறுக்கியிருக்கிறேன். போனில் கேட்ட ஒருவருக்கு வயலைப் பார்க்காமலே ஜிங்க் என்று சொல்லிவிட்டேன். தெளித்தார், பச்சை கட்டியது, நன்றியும் சொன்னார். நேரில் போனபோதுதான் தெரிந்தது, அதே வாரம் வாய்க்கால் அடைப்பையும் எடுத்திருக்கிறார். மருந்து படாத மூலையும் அதே பச்சையில் நின்றது.

அதனால் எதைத் தெளித்தாலும் வயல் நடுவில் பத்தடிப் பட்டை ஒன்றை விட்டுவைத்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஜிங்க் என்றே முடிவானால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. இரண்டும் சேர்வதால், பச்சை கட்டினால் எது கேட்டது என்று தெரியாது. இன்னொரு பட்டைக்கு யூரியாக் கரைசலை மட்டும் அடித்துப் பாருங்கள்.

அப்படியும் குழப்பம் என்றால் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். போன் படம் போதாது. வேரோடு பிடுங்கிய மஞ்சள் தூரும், பக்கத்திலேயே நன்றாக நிற்கும் தூர் ஒன்றும் கையில் இருக்கட்டும்.